நஞ்சுக்கொடிக்கு மணி தெரியுமா?

பிள்ளை பிறந்ததும் பிரசவ வார்டில் கேட்கும் அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துடுச்சா?" என்பதுதான். பிள்ளைக்குச் சோறும் மூச்சும் கொண்டுபோன நஞ்சுக்கொடி முழுசாக வெளியே வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். விஷத்துக்கும் நஞ்சு, பிள்ளையை வளர்த்த உறுப்புக்கும் நஞ்சு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். என் தோழி ஒருத்தி வேலை செய்வது இந்த இரண்டு நஞ்சுக்கும் நடுவில்.

முனைவர் பட்டம் முடித்து, இப்போது வெளிநாட்டில் போஸ்ட்டாக் செய்கிறாள். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய பெரியம்மா பிடித்துக்கொண்டார். அவர் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். "ஏண்டி, டாக்டர் பட்டம்தான் வாங்கியாச்சே, இன்னும் என்ன படிப்பு?" படிப்பு இல்லை, வேலைதான். பட்டம் வாங்கியவர் நிரந்தர வேலைக்கு முன்னால் சில வருட ஒப்பந்தத்தில் ஓர் ஆய்வகத்தில் செய்யும் ஆராய்ச்சிக்குத்தான் அந்தப் பெயர். சம்பளம் உண்டு, பரீட்சை கிடையாது. சரி, எதைப் பற்றி ஆராய்ச்சி? "உடல் கடிகாரம், சுற்றுச்சூழல் நச்சு, கர்ப்பம்" என்றாள். பெரியம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றும் நாம் தினமும் கேட்கிற வார்த்தைகள். அதனால்தான் குழப்பமே. "பாடி கிளாக் கெட்டுப்போச்சு" என்றால் தூக்கம் வரவில்லை என்று புரிந்துகொள்கிறோம். நச்சு என்றால் பச்சை நிற ஜூஸ் குடித்து வெளியேற்ற வேண்டிய ஏதோ ஒன்று. நஞ்சுக்கொடி என்றால் கெட்டதைத் தடுத்து நல்லதை மட்டும் உள்ளே விடும் சல்லடை. மூன்றிலும் பாதிதான் சரி. மீதிப் பாதியை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மரம் எப்படி மணி பார்க்கிறது?

தூங்குமூஞ்சி மரம் பொழுது சாயும்போது இலைகளை மடக்கிக்கொள்ளும், விடிந்ததும் விரிக்கும். வெயில் போனதால் மடக்குகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1729இல் பிரான்ஸைச் சேர்ந்த தெ மெரான் என்பவர் இதைச் சோதித்தார். தொட்டாச்சிணுங்கி மாதிரி ஒரு செடியை இருட்டுக்குள் வைத்துவிட்டார். வெளிச்சமே படாத அந்தச் செடி பகலில் இலையை விரித்தது, இரவில் மடக்கியது. செடிக்குள்ளேயே ஏதோ ஒன்று மணி பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த உள்மணிக்குத்தான் சர்க்காடியன் தாளம் என்று பெயர். லத்தீனில் 'ஏறக்குறைய ஒரு நாள்' என்று பொருள்படும்படி 1959இல் ஃப்ரான்ஸ் ஹால்பெர்க் வைத்த பெயர் இது. 'ஏறக்குறைய' என்பது முக்கியம். மனிதரின் உள்மணி சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. தினமும் கொஞ்சம் திருத்தாவிட்டால் அது பின்தங்கிக்கொண்டே போகும்.

இந்த மணியை எது ஓட்டுகிறது? வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும், தொட்டி நிறையும், நிறைந்ததும் சென்சார் மோட்டாரை நிறுத்தும். புழங்கப் புழங்க தண்ணீர் இறங்கும், கீழே ஒரு மட்டத்துக்கு வந்ததும் மோட்டார் மறுபடி ஓடும். யாரும் ஸ்விட்சைத் தொடாமலே ஒரு சுழற்சி நடக்கிறது. நம் செல்லுக்குள் கிளாக், பீமால்-1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து மோட்டாரை ஓட்டுகின்றன. தொட்டியில் சேரும் தண்ணீர்தான் பெர் என்ற புரதம். பெர் போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் கருவுக்குள் போய் அந்த ஜோடியையே நிறுத்திவிடும். பிறகு பெர் மெல்லச் சிதையும், ஜோடி மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள். 1971இல் பழ ஈக்களில் இந்த பெர் மரபணுவின் தடயம் கிடைத்தது. அது வேலை செய்யும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கிளாக், பீமால் ஜோடியை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். அதைப் பிரிக்க ஒரு ஆள் பின்னால் வருகிறான்.

இந்தத் தொட்டி ஏதோ ஒரு இடத்தில் மட்டும் இல்லை. கல்லீரல், இதயம், கருப்பை, நஞ்சுக்கொடி எல்லாவற்றிலும் உண்டு. அத்தனையும் ஒரே நேரம் காட்ட வேண்டுமே! அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. முன்பெல்லாம் மில் சங்கு ஊதினால் தெருவில் எல்லோரும் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். மூளையில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. உடம்புக்கு அதுதான் மில் சங்கு. கண் வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டு மற்ற உறுப்புகளுக்கு ஊதுகிறது. இருட்டில் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பதும் அதன் சொல்படிதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், உடல் கடிகாரம் ஒன்று இல்லை, கோடிக்கணக்கில் இருக்கின்றன. தூக்கம் அவை செய்யும் பல வேலைகளில் ஒன்று.

குப்பை வண்டி வரும் நேரம்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு." நச்சியலின் முதல் பாடமும் அதுதான். ஆனால் பழமொழி அளவைப் பற்றி மட்டும் பேசுகிறது, நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1960இல் அதே ஹால்பெர்க்கின் குழு எலிகளுக்கு ஒரே அளவு பாக்டீரியா நச்சை வெவ்வேறு நேரங்களில் ஊசியாகப் போட்டது. ஒரு நேரத்தில் போட்ட எலிகளில் பெரும்பாலானவை செத்தன. இன்னொரு நேரத்தில் போட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. எலியும் ஒன்றுதான், நச்சும் ஒன்றுதான், மணி மட்டும் வேறு.

காரணம், உடம்பின் துப்புரவுப் பணிக்கு நேர அட்டவணை உண்டு. நச்சை முறித்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் பலவும் கடிகாரப்படிதான் கூடிக் குறைகின்றன. காலை 7 மணிக்குக் குப்பை வண்டி வரும் தெருவில் 6:45க்குப் பையை வைத்தால் பதினைந்து நிமிடத்தில் போய்விடும். வண்டி போன பிறகு வைத்தால் மறுநாள் வரை கிடக்கும், நாய் கிளறும். குப்பையின் அளவு மாறவே இல்லை.

அட்டவணையைக் குழப்புவதும் சுலபம். கல்லீரல் சங்கை விடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் அதிகம் கவனிக்கும். இரவில் சாப்பிடும் பழக்கமுள்ள எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் கல்லீரல் மணி தலைகீழானது, மூளையின் மணி அசையவில்லை. நைட் ஷிஃப்டில் நடுநிசி 2 மணிக்கு பரோட்டா சாப்பிடுபவர் உடம்பிலும் இதே மாதிரி இழுபறி நடக்க வாய்ப்பு உண்டு. சங்கு ஒரு நேரம் சொல்லும், சமையலறை இன்னொரு நேரம் சொல்லும்.

சுற்றுச்சூழல் நச்சு என்று நான் சொல்வது, காற்று, தண்ணீர், உணவு, பெயிண்ட், புகை வழியே நாம் கேட்காமலே உடம்புக்குள் வரும் பொருள்களை. ஈயம், பாதரசம், காட்மியம், டையாக்சின் எல்லாம் இந்த வகை. இவற்றில் பலவும் எலும்பிலோ கொழுப்பிலோ வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடும். மூன்று நாள் ஜூஸ் வைத்தியம் இவற்றை ஒன்றும் செய்யாது. அந்த விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், அது வேறு கதை.

நஞ்சுக்கொடி என்ற வாசல்

நஞ்சுக்கொடியைச் சுவர் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. அந்த நம்பிக்கையை உடைத்தது தாலிடோமைட். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, வாந்தி மயக்கத்துக்கு என்று கர்ப்பிணிகளும் சாப்பிட்ட மாத்திரை. 1961 நவம்பரில் அங்கே அதைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்துவிட்டன. இங்கே கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. கரு உருவான ஏறக்குறைய 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரைதான் ஆபத்து உச்சத்தில் இருந்தது. அதற்குள்ளும் முதலில் காது, பிறகு கை, பிறகு கால் என்று எந்த நாளில் சாப்பிட்டார்களோ அன்று உருவாகிக்கொண்டிருந்த உறுப்பு அடிபட்டது. இதற்கு உணர்வு ஜன்னல் என்று பெயர். ஒரு உறுப்பு கட்டப்படும்போது மட்டும் திறந்திருந்து அப்புறம் மூடிக்கொள்ளும் காலம்.

ஜப்பானின் மினமாட்டா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீனுக்குப் போய், மீனிலிருந்து மனிதருக்கு வந்தது. 1956இல் நோய் வெளியே தெரிந்தது. கை நடுங்கியது, நடை தடுமாறியது, பேச்சு குழறியது. ஆனால் கடுமையான மூளைப் பாதிப்புள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்களில் பலருக்கு லேசான அறிகுறிதான் இருந்தது. பாதரசத்தின் மெத்தில் வடிவம், மெத்தியோனின் என்ற புரதச் சத்தைப் போலவே வேஷம் போடும். நஞ்சுக்கொடி அதைப் பிள்ளைக்கு வேண்டிய சத்து என்று நினைத்துத் தானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறது. அதனால் தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிடப் பாதரசம் கூடுதலாக இருக்கும். சல்லடையே வாரிக் கொடுத்த கதை.

இந்த விஷயம் எப்படி நிரூபணமானது என்பது எனக்கு மறக்க முடியாத ஒன்று. நம் வீடுகளில் விழுந்த தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள் அல்லவா? ஜப்பானியர்களும் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். எப்போது பிறந்த பிள்ளையுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். 1970களில் ஆய்வாளர்கள் மினமாட்டாக் குடும்பங்களிடம் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த கொடியில் பாதரசத்தை அளந்தார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது. எந்த ஆவணத்திலும் எழுதாத கணக்கு வீட்டு அலமாரியில் காய்ந்து கிடந்தது.

எல்லா நச்சுக்கும் வாசல் ஒரே மாதிரி திறப்பதில்லை. காட்மியத்தை நஞ்சுக்கொடி பெருமளவு தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈயம் கிட்டத்தட்டத் தடையில்லாமல் போகிறது. போதாததற்கு, பல வருடம் முன்பு தாயின் எலும்பில் சேர்ந்த ஈயமும் கர்ப்பத்தில் கால்சியத்தோடு சேர்ந்து கரைந்து இரத்தத்துக்கு வரும்.

ஆக நஞ்சுக்கொடி ஆள் வைத்த வாசல். ஆள் சில சமயம் ஏமாறுவார், சில சமயம் சுமையைத் தானே தாங்குவார். அந்த ஆளுக்கும் டியூட்டி நேரம் உண்டா என்பதுதான் தோழியின் கேள்வி.

பிள்ளைக்கு யார் மணி சொல்கிறார்கள்?

வயிற்றுக்குள் இருட்டு. கண்ணும் முழுசாக வேலை செய்யாது. அப்படியிருந்தும் இரவில்தான் பிள்ளை அதிகம் உதைக்கிறது என்று கர்ப்பிணிகள் சொல்வது உண்மை. மூளையின் சங்கு கருவிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது என்று 1983இல் ரெப்பர்ட்டும் ஷ்வார்ட்ஸும் சினை எலிகளில் காட்டினார்கள். எந்தச் செல் அதிகம் உழைக்கிறதோ அங்கே சேரும் ஒரு கதிரியக்கச் சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்ததில், தாயின் பகலில் குட்டியின் சங்கும் சுறுசுறுப்பாக இருந்தது, தாயின் இரவில் அடங்கியது. குட்டி வெளி உலக வெளிச்சத்தைப் பின்பற்றவில்லை, தாயைப் பின்பற்றியது.

தாய் என்ன சொல்லி அனுப்புகிறாள்? மெலட்டோனின் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. சாப்பாட்டு நேரம், உடல் சூடு, காலையில் ஏறும் கார்டிசால் ஹார்மோனின் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்தே செய்தி. பிறந்த பிறகு அந்தச் செய்தி அறுந்துபோகிறது. குழந்தையின் சொந்த மெலட்டோனின் தாளம் நிலைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வீட்டில் யாரும் தூங்க முடியாது. இரவுத் தாய்ப்பாலில் மட்டும் மெலட்டோனின் இருக்கும், அது ஒரு சின்ன உதவி.

"வலி ராத்திரியிலதான் எடுக்கும், அது எங்களுக்கே தெரியுமே" என்றார் பெரியம்மா இந்த இடத்தில். அவர் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. கருப்பைத் தசையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினுக்கு மெலட்டோனின் கைகொடுப்பது மனிதக் கருப்பைச் செல்களில் தெரியவந்திருக்கிறது.

ஜோடியைப் பிரிக்கும் நச்சு

இனி அந்த ஆள். செல்லுக்குள் ஏஎச்ஆர் என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. ஏற்பி என்றால் குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டினால் விழித்துக்கொள்ளும் புரதம். டையாக்சின் ஒட்டினால் ஏஎச்ஆர் விழித்து, ஆர்ன்ட் என்ற கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு நச்சு முறிக்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்பும். இதுவரை நல்ல காரியம்தான். சிக்கல் என்னவென்றால், கடிகார ஜோடியில் இருக்கும் பீமால் இந்த ஆர்ன்ட்டுக்குப் பங்காளி. பீமால் என்ற பெயரிலேயே 'ஆர்ன்ட் போன்றது' என்ற அர்த்தம் ஒளிந்திருக்கிறது. ஏஎச்ஆரும் கிளாக்கும்கூட அதே குடும்பம். அதிகமாக விழித்துக்கொண்ட ஏஎச்ஆர், ஆர்ன்ட்டோடு நிற்காமல் பீமாலையும் இழுத்துக்கொள்கிறது. கிளாக் ஜோடியில்லாமல் நிற்கிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது குறைகிறது. எலிச் செல்களில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் நச்சு இரண்டு வழியில் காலத்தோடு விளையாடுகிறது. உள்ளே வரும் மணியைப் பொறுத்து அதன் கடுமை மாறுகிறது. வந்த பிறகு அந்த மணியையே அது திருப்பியும் வைக்கலாம்.

டையாக்சினை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை. சில ரசாயன ஆலைகளில் உடன்விளைவாக வரும், 1976 ஜூலை 10 அன்று இத்தாலியின் செவெசோவில் மேகமாகவே கிளம்பியது. பிவிசி பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரித்தாலும் வரும். சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் அருகே வாழ்ந்த தாய்மார்களின் பாலை இருபது ஆண்டுகளுக்கு முன் பரிசோதித்தபோது, மற்ற இடத்துப் பாலைவிட டையாக்சின் வகைப் பொருள்கள் கூடுதலாக இருந்தன. அங்கே மேய்ந்த மாடுகளின் பால் வழியே வந்திருக்கலாம் என்றார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அதன் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரியது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நிறுத்த வேண்டியது எரிப்பதை.

நைட் டியூட்டி பார்க்கும் கர்ப்பிணி

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். "ரெண்டு பிள்ளை வயித்துல இருக்கறப்பவும் நைட் டியூட்டி பார்த்தேன். ஒண்ணும் ஆகலையே?"

2012இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சினை எலிகளின் விளக்கு நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை 6 மணி நேரம் மாற்றிப் பார்த்தார்கள். நேரம் மாறாத எலிகளில் 90 சதவீதம் குட்டி ஈன்றன. பின்னுக்குத் தள்ளியபோது 50 சதவீதம், முன்னுக்கு இழுத்தபோது 22 சதவீதம். 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் பணிநேரப் பதிவைப் பார்த்தது. பெரும்பாலும் மருத்துவமனை ஊழியர்கள். எட்டாவது வாரத்துக்குப் பின், ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப் பணி செய்தவர்களுக்கு அடுத்த வாரம் கருச்சிதைவு ஆபத்து 32 சதவீதம் கூடியிருந்தது.

32 சதவீதம் என்றால் நூறில் முப்பத்திரண்டு பேருக்குக் கலையும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் சிறிய ஆபத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதனால்தான் பெரியம்மாவைப் போல் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் லட்சம் பேரைக் கணக்கெடுத்தால் வித்தியாசம் தெரியும். இரவுப் பணியில் இருக்கும் கர்ப்பிணிகள் மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயம் இது. உடம்பின் மணியைப் பார்த்து மாத்திரை நேரத்தை நாமாக மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அறிவியல் இன்னும் வரவில்லை.

ஒரு நாளைக்கு ஆறு தடவை

நஞ்சுக்கொடியின் டியூட்டி நேரத்தை மனிதர்களிடம் ஏன் நேரடியாகப் பார்க்க முடியாது? ஒரு பெண்ணின் நஞ்சுக்கொடி கைக்குக் கிடைப்பது ஒரே ஒரு தடவை, பிள்ளை பிறந்த பிறகு. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வழியே இல்லை. அதனால் எலி. சினைக்காலம் மூன்று வாரத்துக்கும் குறைவு. ஒரு கூட்டத்துக்குக் குடிநீரில் மிகச் சிறு அளவு நச்சு, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவை நஞ்சுக்கொடியை எடுத்து உடனே உறையவைக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஐந்து எலி என்றால் இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து அறுபது. இருட்டில் எடுக்கும்போது வெள்ளை விளக்குப் போட்டால் எலியின் மணி கெட்டுவிடும். எலிக்குச் சரியாகத் தெரியாத மங்கிய சிவப்பு விளக்கில்தான் வேலை. ஒவ்வொரு டியூபிலும் மார்க்கரால் மணியை எழுத வேண்டும். மணி எழுதாத டியூப் குப்பைக்குத்தான்.

"அப்போ நீ எப்பத்தான்டி தூங்குவே?" என்றார் பெரியம்மா.

தோழி சிரித்துக்கொண்டே விளக்கினாள். எலிகளை இரண்டு அறையில் வைப்பார்கள். ஒரு அறையில் காலை 6 மணிக்கு விளக்கு எரியும், இன்னொன்றில் மாலை 6 மணிக்கு. சில வாரத்தில் இரண்டாவது அறை எலிகளுக்கு நம் பகல் இரவாகிவிடும். பிறகு காலை 8, பகல் 12, மாலை 4 என்று மூன்று தடவை இரண்டு அறைக்கும் போனால் போதும், எலியின் நாளில் ஆறு நேரமும் கிடைத்துவிடும். ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம். அன்று பேசியதில் பெரியம்மாவுக்கு ஒரே மூச்சில் புரிந்தது இந்தக் கணக்குதான். "ஷிஃப்டை எலிக்கு மாத்தி விட்டுட்டீங்க" என்றார்.